‘யூவி’ பொட்டலமும் டிரவுட்டின் கண்ணும்

கோலாலம்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். டிசம்பரில் குடும்பத்தோடு நியூசிலாந்து போகிறாராம். அங்கே இரண்டு மூன்று நாள் டிரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிக்க ஆசை. அதற்கு ஃப்ளை வேண்டும், தூண்டில் முள்ளின் மேல் இறகு, முடி, நூல் எல்லாம் சுற்றிக் கட்டிப் பூச்சி போலச் செய்கிற பொய் இரை. அதைக் கட்ட நூலும் முடியும் வாங்கக் கடைக்குப் போனால், ‘யூவி’, அதாவது நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி, என்று எழுதிய பொட்டலத்துக்குச் சாதாரணப் பொட்டலத்தைப் போல் இரண்டு மடங்கு விலை. கடைக்காரர் ஒரு சின்ன டார்ச்சை அடித்துக் காட்டியிருக்கிறார், நூல் தகதகவென்று ஒளிர்ந்திருக்கிறது. “டிரவுட்டுக்குப் புற ஊதா ஒளி தெரியும், அதற்கு இது விளக்குப் போட்ட மாதிரி” என்றாராம். இது உண்மையா, காசுக்குப் பிடித்த கேடா என்பதுதான் கேள்வி.

கேள்வி ஒன்று போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. டிரவுட்டுக்குப் புற ஊதா தெரியுமா? டார்ச்சில் ஒளிரும் நூல் உண்மையில் புற ஊதாவைக் காட்டுகிறதா? தெரிகிறது என்றே வைத்துக்கொண்டாலும், தெரிந்த ஒன்றை மீன் கடிக்குமா? முதல் கேள்விக்குப் பாதி ‘ஆமாம்’, இரண்டாவதற்குப் பெரும்பாலும் ‘இல்லை’, மூன்றாவதற்கு யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், எதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே எடைபோட்டுக்கொள்ளலாம். பினாங்கில் கண்ணாடிக் கடையில் முப்பது வருடத்துக்கு மேல் கண் பரிசோதனை செய்தவன். மனிதக் கண் என் தொழில். மீன் கண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆய்வுக் கட்டுரைகளை ஆர்வத்தில் தேடித் தேடிப் படித்தது. சின்ன வயதில் படகுத்துறையில் உட்கார்ந்து இறால் கோத்துத் தூண்டில் போட்டவன், நாற்பதைத் தாண்டியபின் இந்த ஃப்ளை பைத்தியம் பிடித்தது. டிரவுட்டை நான் நியூசிலாந்தில் மூன்று பயணங்களிலும் நீலகிரியில் ஒரு முறையும் சந்தித்திருக்கிறேன். அவ்வளவுதான் என் அனுபவம். நீலகிரியில் அவலாஞ்சி என்ற இடத்தில் வெள்ளைக்காரர்கள் 1907இல் தொடங்கிய டிரவுட் குஞ்சுப் பண்ணை இருக்கிறது, நம் ஆட்கள் பலருக்கு அது தெரியாது.

சரி, ‘யூவி’ என்ற அந்த இரண்டு எழுத்துக்கு வருவோம். ஃப்ளை கட்டுகிறவர்களின் மேசையில் இந்த ஒரே பெயரில் மூன்று வேறு சரக்கு கிடக்கிறது. ஒன்று, யூவி பசை. டார்ச் அடித்தால் சில நொடியில் கெட்டியாகும் பிசின், பல் மருத்துவர் பல்லை அடைத்துவிட்டு நீல விளக்குக் காட்டுவாரே, அந்த மாதிரிச் சங்கதி. மீன் எதைப் பார்க்கிறது என்பதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் பெயர்க் குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. இரண்டாவது, ஒளிரும் சாயம் போட்ட நூலும் முடியும். புற ஊதா அதன்மேல் பட்டால் அதை விழுங்கிக்கொண்டு, நம் கண்ணுக்குத் தெரிகிற பச்சையாகவோ ஆரஞ்சாகவோ திருப்பித் தரும். மூன்றாவது, புற ஊதாவை விழுங்காமல் அப்படியே திருப்பி அடிக்கிற பொருள். கண்ணாடி வெளிச்சத்தைத் திருப்புவது போல. இந்த மூன்றாவதை நீங்களோ நானோ கடைக்காரரோ எந்த டார்ச்சை வைத்தும் பார்க்க முடியாது, ஏனென்றால் திரும்பி வருவதும் புற ஊதாதான், அது நம் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்கப் புற ஊதாவை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி போட்ட, உள்ளே திருத்தியமைத்த கேமரா வேண்டும்.

இரண்டாவதும் மூன்றாவதும் எப்படி எதிரெதிர் என்று புரிய ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேடையில் ஊதா விளக்கு போட்டால் மாமாக்களின் வெள்ளை வேட்டி எல்லாம் நீலமாக ஜொலிக்கும், பார்த்திருப்பீர்கள். சலவைத் தூளில் கலந்திருக்கும் வெளுப்பேற்றிதான் காரணம். அது புற ஊதாவைப் பிடித்து வைத்துக்கொண்டு நீலத்தைக் கொடுக்கிறது. அப்படியென்றால் புற ஊதா மட்டுமே தெரிகிற ஒரு கண்ணுக்கு அந்த வேட்டி எப்படி இருக்கும்? மங்கலாக, கிட்டத்தட்ட அழுக்கு வேட்டியாக இருக்கும். விழுங்கியது போக மீதிதானே திரும்பும். கடைக்காரர் டார்ச் அடித்து நூல் ஒளிர்ந்தது என்றால், அந்த நூல் புற ஊதாவைத் தின்கிறது என்று அர்த்தம். “டிரவுட்டுக்குப் புற ஊதா தெரியும், இந்த நூல் டார்ச்சில் ஒளிர்கிறது, ஆகவே டிரவுட்டுக்கு நன்றாகத் தெரியும்” என்ற கணக்கில் முதல் வரியும் இரண்டாம் வரியும் தனித்தனியே சரியாக இருக்கலாம். மூன்றாவது வரி அவற்றிலிருந்து வராது.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன், கடையில் பலருக்கு இதைச் செய்து காட்டியிருக்கிறேன். பாலிகார்பனேட் லென்ஸ் போட்ட பழைய மூக்குக் கண்ணாடி ஒன்றை எடுங்கள். அந்தப் பிளாஸ்டிக், அலைநீளம் சுமார் 380 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியை, அதாவது புற ஊதாவை, கிட்டத்தட்ட முழுக்க நிறுத்திவிடும். 365 நானோமீட்டர் டார்ச்சை அதன் வழியாக நூலின் மேல் அடித்தால் ஒளிர்வு அடங்கிவிடும். அதே நூலை பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கும் மலிவு டார்ச்சால் அடியுங்கள். அது பெரும்பாலும் 395 நானோமீட்டர், ஊதா வெளிச்சமும் சேர்ந்தே வரும், லென்ஸைத் தாண்டியும் ஓரளவு ஒளிரும். ‘யூவியில் ஒளிர்கிறது’ என்று நாம் பார்ப்பதில் கணிசமான பங்கு சாதாரண ஊதாவும் நீலமும் செய்கிற வேலை என்று அப்போது தெரியும். தொழில் புத்தி விடமாட்டேன் என்கிறது, இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த டார்ச்சை நேராகக் கண்ணில் அடித்துப் பார்க்காதீர்கள், பிள்ளைகள் கையிலும் கொடுக்காதீர்கள். பளீரென்று தெரியவில்லையே என்று கண் சுருங்காது, ஆனால் உள்ளே போவது போய்க்கொண்டே இருக்கும்.

நமக்கு ஏன் புற ஊதா தெரிவதில்லை? விழித்திரைக்குத் தெரியாது என்பதில்லை. முன்னால் இருக்கும் விழிவில்லை ஏறக்குறைய 400 நானோமீட்டருக்குக் கீழே வருவதைத் தடுத்துவிடுகிறது. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் கண்புரை அறுவை செய்து, உள்ளே லென்ஸ் வைக்காமல் அனுப்பப்பட்ட பெரியவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். புட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவார்கள். “தம்பி, எல்லாம் நீலமா தெரியுதுப்பா” என்று ஒரு தாத்தா ஒவ்வொரு முறையும் சொல்வார். ஓவியர் மோனே 1923இல் கண்புரை அறுவை செய்துகொண்டபின் நிறங்கள் நீலமாகத் தெரிவதாகப் புலம்பியதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் இதை வைத்து அவர்கள் புற ஊதாவைப் பார்த்தார்கள் என்று முடிவு கட்ட நான் தயங்குவேன். பழுத்து மஞ்சளான லென்ஸை எடுத்துவிட்டாலே உலகம் நீலமாகத்தான் தெரியும். இரண்டும் கலந்திருக்கும். இப்போது வைக்கிற செயற்கை லென்ஸ்களில் புற ஊதாத் தடுப்பு சேர்ந்தே வருகிறது, அதனால் இந்தக் கதையைச் சொல்கிற ஆட்களே குறைந்துவிட்டார்கள்.

டிரவுட்டின் கதை வேறு. நம் விழித்திரையில் நிறம் அறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. டிரவுட் குஞ்சுக்கு நான்கு. பௌமேக்கர், குன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1987இல் பழுப்பு டிரவுட்டின் விழித்திரையை அளந்து வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் எல்லோரும் திரும்பிப் போகிற இடம். சிவப்புப் பக்கம் 600, பச்சைக்கு 535, நீலத்துக்கு 440, அப்புறம் புற ஊதாவுக்கு 355 நானோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் உச்சம் கொண்ட நான்கு வகைக் கூம்புகள். கடைக்காரர் சொன்ன “டிரவுட்டுக்குப் புற ஊதா தெரியும்” என்பதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே ‘வயதுக்கேற்ற மாற்றங்கள்’ என்றும் இருக்கிறது. பொட்டலத்தில் அச்சடிக்கிறவர்கள் அந்தப் பாதியை விட்டுவிட்டார்கள். சின்ன மீனில் இருந்த புற ஊதாக் கூம்புகள் இரண்டு வயது மீனில் காணவில்லை.

இன்னொரு வகையான வானவில் டிரவுட்டிலும் இதே கதைதான். கனடாவில் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஹாரிஷின் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 1980களின் இறுதியிலிருந்து இதைத் தோண்டித் துருவினார்கள். மீனிடம் “தெரிகிறதா?” என்று கேட்க முடியாது, எழுத்துப் பலகையும் காட்ட முடியாது. அதனால் ஒளியைக் காட்டி, அதைக் கண்டதும் இதயத் துடிப்பு மாறும்படி மீனைப் பழக்கி அளந்தார்கள். குட்டி மீனுக்குப் புற ஊதா தெரிகிறது. உடம்பு நூறு கிராம் ஆவதற்குள் பெரும்பாலும் அது போய்விடுகிறது. குட்டி மீனுக்குத் தைராய்டு ஹார்மோன் கொடுத்தால் முன்கூட்டியே போய்விடுகிறது. வளர்ச்சியோடு கட்டிப்போட்ட மாற்றம் இது என்பதில் சந்தேகமில்லை. நியூசிலாந்தில் நீங்கள் பிடிக்கப்போகிற மீன் ஒன்றரை, இரண்டு கிலோ. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கூம்புகளுக்கு என்ன ஆகிறது என்பதில்தான் சண்டை. செத்துப்போய்ப் பின்னால் புதிதாக முளைக்கின்றன என்று ஒரு சாரார். நோவாலெஸ் ஃப்ளமாரிக் என்பவரும் அவர் கூட்டாளியும் 2004இல் ‘நேச்சர்’ இதழில் வேறு மாதிரிச் சொன்னார்கள்: செல் சாகவில்லை, அதே செல் புற ஊதா நிறமியை விட்டுவிட்டு நீல நிறமிக்கு மாறிக்கொள்கிறது. கடை அதே கடை, பலகையைத்தான் மாற்றிவிட்டார்கள் என்பது போல. இன்னொரு சிக்கலும் உண்டு. முட்டையிடும் பருவத்துக்கு வந்த சால்மன் இன மீன்களின் (டிரவுட்டும் இந்த இனம்தான்) விழித்திரையில் புற ஊதாக் கூம்புகள் மறுபடி காணப்பட்டிருக்கின்றன. ஆகவே “பெரிய டிரவுட்டுக்குப் புற ஊதா அறவே தெரியாது” என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். பெரிய மீனின் கண்ணில் அது குட்டி மீனில் இருப்பது போல ஒரு முழு நிறமாக வேலை செய்கிறது என்று சொல்ல ஆதாரம் மெலிவு. கொஞ்சநஞ்சம் இருக்கலாம், பருவத்தில் திரும்பலாம். அந்த அளவுக்குத்தான் போக முடியும்.

குட்டி மீனுக்கு அது எதற்கு என்பதும் தெரிந்துவிட்டது, இதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம். அது தின்பது நீரில் மிதக்கும் தெள்ளுப்பூச்சி அளவு மிதவை உயிர்கள், கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிபவை. நம் கண்ணுக்கு நீரோடு நீராக மறைந்துவிடும். புற ஊதாவில் பார்த்தால் சுற்றியிருக்கும் நீர் வெளிச்சமாகவும் அந்த உயிர் அதிலிருந்து வேறுபட்டும் தெரிந்துவிடுகிறது. 2013இல் வந்த ஓர் ஆய்வில், ஹார்மோன் கொடுத்துப் புற ஊதாக் கூம்பை முன்கூட்டியே நீலத்துக்கு மாற்றிய குட்டி வானவில் டிரவுட்டுகள், மாற்றாத மீன்களைவிடக் கிட்டே வந்தபின்தான் இரையைக் கண்டுபிடித்தன. ஆக, புற ஊதாப் பார்வையின் பயன் ‘பளபளப்பைத் தேடி ஓடுவது’ என்று எங்குமே காட்டப்படவில்லை. பின்னணியிலிருந்து பிரித்துப் பார்ப்பதுதான் பயன். வெளிச்சமான பின்னணியில் கருப்பாகத் தெரியும் இரையும் அதற்குப் போதும். அப்படியிருக்க, ‘புற ஊதாவில் பிரகாசம்’ என்பதே நல்லது என்று யார் முடிவு செய்தார்கள்? பூச்சியைவிடப் பிரகாசமான பூச்சி இயற்கையில் ஏது? பெரிய டிரவுட் தின்பது தெள்ளுப்பூச்சியும் இல்லை. வண்டு, புழு, சின்ன மீன். அதைக் கண்டுபிடிக்க மற்ற மூன்று நிறக் கூம்புகளே தாராளம்.

இன்னொன்று, தண்ணீர். புற ஊதா சுத்தமான நீரில் நல்ல ஆழம் வரை போகும். இலைச்சாறும் மட்கும் கலந்த நீரில் சில அங்குலத்திலேயே செத்துவிடும், ஏனென்றால் அந்தத் தேநீர் நிறம் தருகிற கரைந்த கரிமப் பொருள்தான் புற ஊதாவை முதலில் விழுங்குகிறது. நியூசிலாந்தின் தெற்குத் தீவு ஆறுகள் பெரும்பாலும் பளிங்கு. மேற்குக் கரைப் பக்கம் காட்டிலிருந்து வரும் ஓடைகள் சில பால் விடாத தேநீர் நிறம். ஒரே பொட்டலம் இரண்டு ஆற்றிலும் ஒரே மாதிரி வேலை செய்ய வழியே இல்லை. நம் ஊர்க்காரர்கள் இதையே தோமான், செபாராவ் என்ற நம் நன்னீர் மீன்களுக்கும் கேட்கிறார்கள். ராயல் பெலும் பக்கத்துக் காட்டாற்று நீரையும், ஈப்போ பக்கத்துப் பழைய ஈயக்குட்டைகளின் கலங்கலையும் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும்: மீனின் கண் எப்படி இருந்தாலும், அங்கே ஃப்ளை வரைக்கும் போய்ச் சேரப் புற ஊதா அதிகம் மிச்சம் இருக்காது.

இதற்காக ஒளிரும் நூல் எல்லாம் வெறும் வேஷம் என்று சொல்லிவிட முடியாது. பினாங்கில் தக்கை போட்டு மீன் பிடித்த எவருக்கும் ஒன்று தெரியும். பொழுது சாய்ந்து எல்லாம் மங்கியபின்னும் அந்த ஒளிரும் ஆரஞ்சுத் தக்கை நுனி தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். சூரியன் மறைந்தபின் எஞ்சுகிற ஒளியில் நீலம் அதிகம். சாதாரண ஆரஞ்சுப் பூச்சுக்குத் திருப்பி அடிக்க ஆரஞ்சு ஒளி கொஞ்சம்தான் கிடைக்கிறது. ஒளிரும் சாயமோ நீலத்தையே வாங்கி ஆரஞ்சாக மாற்றிக் கொடுக்கிறது. ஆழத்திலும் இதே கதை. நீர் முதலில் சிவப்பைக் கொல்லும். சாதாரணச் சிவப்பு நூல் பத்து மீட்டரில் கரிந்த நூல்தான். ஒளிரும் சிவப்பு அங்கேயும் சிவப்பாக நிற்கும், நீல-பச்சை ஒளியைத் தின்று வாழ்கிறதே. இது உறுதியான இயற்பியல், பெரிய டிரவுட்டுக்கு இருக்கிற சிவப்பு, பச்சைக் கூம்புகளுக்கே தெரியக்கூடியது. புற ஊதாப் பார்வை தேவையே இல்லை. ஆனால் பாருங்கள், முழங்கால் ஆழ ஆற்றில் நண்பகலில் இந்த லாபம் சொற்பம். ஏரியில் ஆழத்தில் இழுக்கிறவருக்கும், கலங்கல் நீருக்கும், மேகமூட்டத்துக்கும், அந்திக்கும்தான் அர்த்தம். நன்றாக இருட்டிவிட்டால் அதுவும் போச்சு. கூம்புகள் ஓய்ந்து குச்சி செல்கள் வேலை பார்க்கிற நேரத்தில் நிறமே கிடையாது. இரவில் கருப்பு ஃப்ளை எடுபடுவது வானத்துக்கு எதிரே நிழலாகத் தெரிவதால்.

பளிச்சென்று தெரிவதும் கடிப்பதும் ஒன்றில்லை. என் இரண்டாவது பயணத்தில் ஒரு தெளிந்த ஆற்றில் வழிகாட்டி என் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, நான் ஆசை ஆசையாகக் கட்டிய ஒளிரும் பச்சை வால் வைத்த ஃப்ளைகளை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் பிடிவாதமாக ஒன்றைப் போட்டேன். கல்லுக்குப் பக்கத்தில் நின்ற பழுப்பு டிரவுட் அதைப் பார்த்தது, நிச்சயமாகப் பார்த்தது, ஒரு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டது. மறுநாள் மழை பெய்து ஆறு கலங்கியபோது அதே ஃப்ளையில் ஒன்று கடித்தது. அதைத்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். முதல் நாளைச் சொல்லவில்லை. எல்லாத் தூண்டில்காரர்களின் ‘ஆதாரமும்’ இப்படித்தான் சேர்கிறது. நம்பிப் போடுகிற ஃப்ளையை நீண்ட நேரம் போடுகிறோம், நல்ல இடத்தில் போடுகிறோம், அப்புறம் அதில்தான் மீன் விழுகிறது.

உண்மையிலேயே சோதிக்க வேண்டுமென்றால் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே முள். ஒன்று ஒளிர்வது, மற்றது ஒளிராதது. எதைக் கட்டுவது என்று ஒவ்வொரு அரை மணிக்கும் காசைச் சுண்டி முடிவு செய்ய வேண்டும், கடிக்காத நேரத்தையும் எழுதி வைக்க வேண்டும். நான் ஒரு பயணம் முழுக்க முயன்றேன். பிடித்த மீன் மொத்தமும் இரண்டு கை விரலுக்குள் அடங்கிவிட்டது. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, என் மனைவி சொன்னது போல நோட்டுப் புத்தகம்தான் நிறைந்தது.

புற ஊதாவைத் திருப்பி அடிக்கும் மூன்றாவது வகை வேண்டும் என்று இன்னும் ஆசை இருந்தால், உங்கள் பெட்டியிலேயே அது இருக்க வாய்ப்பு அதிகம். அலுமினியம் புற ஊதாவை அருமையாகத் திருப்பும். அலுமினியப் பூச்சு ஏற்றிய சாதாரண வெள்ளி இழையின் பாலியெஸ்டர் தாள் 350 நானோமீட்டர் வட்டாரத்து ஒளியைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். தாத்தா காலத்து இழை. மேலே எந்தச் சிறப்புப் பெயரும் எழுதியிருக்காது, விலையும் பாதி. எதிர்த்திசையில் ஒரு உதாரணம் சொல்கிறேன். வெள்ளைப் பெயிண்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டையாக்சைடு புற ஊதாவை விழுங்கக்கூடியது. வெயிலுக்குப் பூசும் கிரீமில் அதைச் சேர்ப்பதே அதற்குத்தான். அந்தப் பெயிண்ட் பூசி, நமக்குப் பளீர் வெள்ளையாகத் தெரியும் ஃப்ளைத் தலை, புற ஊதா தெரிந்த குட்டி மீனுக்குக் கருந்தலை.

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். டிசம்பர் அங்கே கோடைத் தொடக்கம். ஒளிரும் இளஞ்சிவப்பு முட்டை ஃப்ளைகள், டோங்காரிரோ ஆற்றில் மீன் முட்டையிட ஏறிவரும் குளிர்காலத்துக்கான சரக்கு. இப்போது அதில் பணத்தைப் போடாதீர்கள். வண்டுகள் நீரில் விழுகிற பருவம் இது, கொஞ்சம் தள்ளிச் சில்வண்டு தொடங்கும். வேல்ஸ் நாட்டுப் பழைய வண்டு ஃப்ளை ஒன்று அங்கே இன்றைக்கும் செல்லுபடியாகிறது. உடம்பு முழுக்க மயில் பீலியின் இழை, கழுத்தில் இரண்டு சுற்றுப் பழுப்புக் கோழி இறகு, அவ்வளவுதான். பத்து, பன்னிரண்டு, பதினான்காம் நம்பர் முள்ளில் ஆளுக்கு நான்கு கட்டுங்கள். மயில் பீலிக்கு நம் வீடுகளில் பஞ்சமா? ஒளிரும் நூல் ஆரஞ்சில் ஒரே ஒரு உருண்டை வாங்குங்கள், அதை வைத்து ஐந்தாறு கருப்பு ஃப்ளைகளின் தலையில் மட்டும் ஒரு புள்ளி வையுங்கள், மழை பெய்து ஆறு கலங்கினால் எடுக்கலாம். இரண்டு மடங்கு விலைப் பொட்டலங்களை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். மிச்சமாகும் காசு மீன்பிடி உரிமத்துக்கு ஆகும். அதிலும் ஒன்று கவனம்: டௌப்போ ஏரி வட்டாரத்துக்குத் தனி உரிமம், நாட்டின் மற்ற பகுதிகளுக்கு வேறு.

கடைசியாக, விமான நிலையத்தில் தலைவலி வராமல் இருக்க. இறகும் முடியும் விலங்குப் பொருள் என்பதால் ஃப்ளைப் பெட்டியையும், ஏற்கெனவே ஆற்றில் இறக்கிய பூட்ஸ், கம்பு, வலை எல்லாவற்றையும் அறிவிப்புப் படிவத்தில் கட்டாயம் எழுதுங்கள். அதிகாரி பார்த்துவிட்டுப் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார். எழுதாமல் மாட்டினால் அபராதம். பூட்ஸை இங்கிருந்தே தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவைத்து எடுத்துப்போங்கள். அடியில் ஃபெல்ட் துணி ஒட்டிய பூட்ஸ் அங்கே 2008 முதல் தடை, ஆற்றுக்கு ஆறு பாசி பரவுகிறது என்பதால். மயில் பீலியைக் கட்டாகக் கொண்டுபோகாமல், கட்டி முடித்த ஃப்ளையாகவே கொண்டுபோவது நல்லது. கட்டும்போது நூல் வழுக்கினாலோ பீலி அறுந்தாலோ கேளுங்கள், பீலியை மெல்லிய செப்புக் கம்பியோடு முறுக்கிச் சுற்றும் முறையைத் தனியாக எழுதுகிறேன்.